ஆய்வகத்துத் தரை

எங்கள் மாடியில் குடியிருந்த டைல்ஸ்காரருக்கு ஒரு பழக்கம். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் மனிதர்களைப் பார்க்கமாட்டார். குனிந்து விரல் முட்டியால் தரையைத் தட்டிப் பார்ப்பார். மகள் பிறந்த அன்று பிரசவ வார்டு வாசலிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாராம். நர்ஸ் வெளியே வந்து பெண் குழந்தை என்று சொன்னதற்கு, “இந்த மூலையில நாலு கல்லுக்கு அடியில கலவையே இல்ல, ஆபீஸ்ல சொல்லிடுங்க” என்றாராம். அவர் மனைவி இதை என்னிடம் இருபது தடவையாவது சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரிப்பாள்.

அவள் என்னை அண்ணன் என்று கூப்பிடுவாள். அதனால் அவர் எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மச்சான். பெண்ணுக்கு மாமா. நான் ஒண்டிக்கட்டை. பெரிய தெருவில் இருக்கும் மருந்துக்கடையில் முப்பது வருஷமாகச் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவன். டாக்டர் எழுதுகிற எழுத்தைப் படிப்பவன் என்பதாலேயே அந்த மாடியில் நான்தான் படித்தவன் என்று ஆகிவிட்டது.

பெண்ணுக்கு வீட்டில் வைத்திருந்த பெயர் வக்கீல். நாலு வயதிலேயே “ஏன்”, “எதுக்கு”, “அது எப்படி” என்று ஆளை மடக்குவாள். பள்ளிப் படிப்பு முடித்தபோது வேதியியலில் நல்ல மதிப்பெண். “கெமிஸ்ட்ரிதான் படிப்பேன், லேப்லதான் வேலை பார்ப்பேன்” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். எந்தக் கல்லூரி என்பதுதான் பாக்கி. அதற்கு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கீழ்வீட்டு பஸ் டிரைவர், ஒரே பஸ்ஸில் போய்வருகிற கல்லூரியாகப் பார்க்கச் சொன்னார். சலவைக்கூடத்தில் ஓட்டல் படுக்கைவிரிப்புகளுக்கு இஸ்திரி போடும் அவள் அம்மா, கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்றாள்.

“எல்லாரும் வாயை மூடுங்க. நான் நேர்ல பார்த்துச் சொல்றேன்” என்றார் டைல்ஸ்காரர்.

இரண்டு நாள் வேலைக்கு லீவு போட்டார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். நல்ல வெயில் காலம். மண்டை பிளந்துவிடும் போல இருந்தது. கையில் ஒரு தண்ணீர் பாட்டில், குடிப்பதற்கு இல்லை. நடைபாதையில் கொஞ்சம் ஊற்றி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதற்கு. அவர் குத்தவைத்துத் தரையைத் தட்டுவதையும், பின்னாலேயே வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்து வாட்ச்மேன்கள் சிரித்தார்கள்.

முதலில் போனது பழைய காலேஜ். படிக்கட்டு தேய்ந்து நடுவில் குழி விழுந்திருந்தது. வேதியியல் ஆய்வகத்தில் முப்பது பிள்ளைகள் முட்டிக்கொண்டு நின்றார்கள். கண் எரிகிற நெடி. தரை முழுக்க மஞ்சளும் பழுப்புமாகக் கறை, அங்கங்கே பொத்தல். ஒரு பெண் சோதனைக் குழாயைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வக்கீலைப் பார்த்ததும், “இங்க வா, நிறம் மாறுது பாரு” என்று கூப்பிட்டாள். இவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“இங்கதான்ப்பா” என்றாள்.

“இங்கயா? தரையைப் பார்த்தியா? ஒரு தடவை துடைச்சிருப்பானா? தரையைப் பார்த்துக்கத் தெரியாதவன் பிள்ளைங்கள எப்படிப் பார்த்துப்பான்?” என்றார்.

இரண்டாவதும் மூன்றாவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. நாலாவது, ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய காலேஜ். வாசலில் கால் வைத்ததுமே மனுஷன் சொக்கிப்போய்விட்டார். நாலடிக்கு நாலடி கற்கள், நூல் பிடித்தாற்போல இடைவெளி. தட்டிய இடமெல்லாம் கெட்டிச் சத்தம். ஊற்றிய தண்ணீர் நேராக வடிகாலுக்குப் போனது. ஆய்வகத்துக்குள் போனால் வெள்ளை வெளேர் என்று இருந்தது. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஒரு பொட்டுக் கறை இல்லை. செருப்பைக் கழற்றி வெறுங்காலில் நின்றார்.

“யாரு போட்டானோ, கையெடுத்துக் கும்பிடணும் மச்சான்” என்றார்.

நான் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தொழில் அப்படி. பாட்டில் என்றால் மூடியைத்தான் முதலில் பார்ப்பேன். மூன்று தட்டு நிறைய ரசாயன பாட்டில்கள். ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. எல்லாவற்றிலும் சீல் அப்படியே இருந்தது. காலேஜ் ஆரம்பித்து நாலு வருஷம் என்று அப்போதுதான் ஆபீஸில் சொல்லியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் வழக்கு நடந்தது. டைல்ஸ்காரர் வெளியே போட்டுப்போன சட்டையைக் கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்திருந்தார். அம்மா உருளைக்கிழங்கை வேகவைத்துத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, அங்க யாருமே லேப்ல இல்லப்பா. பாட்டில் ஒண்ணு கூடத் திறக்கல. சீல் அப்படியே இருக்கு. நான் பார்த்தேன்” என்றாள் வக்கீல்.

“லீவு நாளா இருக்கும்.”

“புதன்கிழமைப்பா.”

“புதுசா வாங்கி வெச்சிருப்பான். பழசு தீர்ந்திருக்கும். என்ன மச்சான், நீயும்தான் கூட வந்த. பாட்டில் விஷயம் உனக்குத்தான் தெரியும். பார்த்தியா நீ?”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வெயிலில் அலைந்து தலைவலி. அடுத்தவர் வீட்டுப் பெண் விஷயம். நாளைக்கு ஏதாவது ஆனால் நீதானே சொன்னாய் என்று என் சட்டையைப் பிடிப்பார்கள் என்று நினைத்தேன்.

“நான் கவனிக்கல மாப்ளே” என்றேன்.

வக்கீல் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்து, அவள் விண்ணப்பம் போட்டிருந்த பழைய காலேஜிலிருந்து இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. அதற்குள் புதுக் காலேஜில் பணம் கட்டியாகிவிட்டது.

சேர்ந்த பிறகு அவள் குறை சொல்லவில்லை. சேர்ந்தாயிற்று, இருப்பதை வைத்து உருப்படியாகப் படித்துவிட வேண்டும் என்று இறங்கிவிட்டாள். முதல் பெஞ்சு. நூலகத்தில் இருந்த ஒரே ஒரு அலமாரியைக் கரைத்துக் குடித்தாள். பாடம் எடுக்க வந்தவர் பாவம், ஒரே நாளில் மூன்று கல்லூரிக்கு ஓடுகிறவர். இவள் சந்தேகம் கேட்டால் கடிகாரத்தைப் பார்ப்பார். அவரையும் விடாமல் பஸ் நிறுத்தம் வரைக்கும் துரத்திப்போய்க் கேட்டிருக்கிறாள். அப்பா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போக ஆரம்பித்தார். அவர் முட்டி இரண்டும் ஒட்டகத்தின் முட்டி மாதிரி காய்த்துப்போயின. அம்மா சலவைக்கூடத்தில் இரண்டாவது ஷிப்டும் பார்த்தாள்.

செய்முறை வகுப்பு மட்டும் வேறு மாதிரி நடந்தது. ஒருநாள் அவளே வந்து சொல்லிச் சிரித்தாள்.

“மாமா, லேப் பூட்டியே இருக்கு. ரெக்கார்டு நோட்டு மட்டும் எழுதணும். போன வருஷத்து அக்காங்க நோட்டை வாங்கி, ரீடிங்கை அப்படியே எடுத்து எழுதிடுவோம். பன்னெண்டு புள்ளி நாலு, பன்னெண்டு புள்ளி நாலு, பன்னெண்டு புள்ளி நாலு. மூணு தடவையும் ஒண்ணாவே இருக்கும். மாறி இருந்தா சார் சிவப்பு மையால சுழிச்சுடுவார்.”

“அந்த அக்காங்க யாரைப் பார்த்து எழுதினாங்க?”

“அதுக்கு முந்தின அக்காங்களை. முதல்ல யாரு எழுதினாங்கன்னு யாருக்கும் தெரியாது.”

நானும் சிரித்தேன். அது சிரிக்கிற விஷயமா என்று அப்போது தோன்றவில்லை. மூன்றாம் வருஷம் செய்முறையில் அவளுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அம்மா மாடி முழுக்க மிட்டாய் கொடுத்தாள்.

மழைக்காலம் தொடங்கியபோது என் கடைக்கு வரும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒரு செய்தி சொன்னார். ஊர் எல்லையில் இருக்கும் மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வகத்துக்கு ஒரு ஆள் எடுக்கிறார்கள். வக்கீல் எழுத்துத் தேர்வு எழுதினாள். அறுபது பேரில் முதல் ஆளாக வந்தாள். அடுத்தது கையால் செய்துகாட்டும் தேர்வு. பதினைந்து நாள் இருந்தது.

அவள் காலேஜுக்கு ஓடினாள். ஒரு வாரம் ஆய்வகத்தைத் திறந்துவிடும்படி கேட்டாள். சாவி ஆபீஸில் இருக்கிறது என்றார்கள். ஆபீஸில் மேலே கேட்க வேண்டும் என்றார்கள். மேலே இருப்பவர் ஊரில் இல்லை. கடைசியில் அந்த மூன்று கல்லூரி ஆசிரியரைப் பிடித்தாள். அவர் அவளை ஓரமாகக் கூட்டிப்போய், “திறந்தாலும் பிரயோஜனமில்லம்மா. அந்த பாட்டில் எல்லாம் தேதி முடிஞ்சுபோச்சு. நானும் உன்னை மாதிரி நோட்டைப் பார்த்து எழுதிப் பாஸ் பண்ணினவன்தான். என்கிட்ட என்ன இருக்குன்னு கேக்கற?” என்றாராம். நனைந்துபோய் வீட்டுக்கு வந்து, தலையைக்கூடத் துவட்டாமல் அதைச் சொன்னாள்.

“சரி, வீட்டுலயே செஞ்சு பார்ப்போம்” என்றேன். மூன்று வருஷமாக உள்ளே அரித்துக்கொண்டிருந்தது, வேறென்ன.

கடையிலிருந்து பெரிய ஊசிக் குழல் ஒன்றும், சலைன் ஏற்றும் ட்யூபும் கொண்டுவந்தேன். ஊசிக் குழலில் அளவுக் கோடு இருக்கும். சலைன் ட்யூபில் சொட்டைக் கூட்டிக் குறைக்கச் சக்கரம் இருக்கும். இரண்டையும் சேர்த்து அப்பாவின் மடக்கு ஏணியில் கட்டித் தொங்கவிட்டோம். கீழே கண்ணாடி டம்ளரில் சலவை சோடாக் கரைசல், அதில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். சோடாவில் மஞ்சள் ரத்தச் சிவப்பாகிவிடும். மேலேயிருந்து ஆசிட் சொட்டச் சொட்ட, ஒரு கட்டத்தில் மறுபடி மஞ்சளாக மாறும். மாறுகிற அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும். அதுதான் வித்தை.

ஆசிட் அப்பாவிடமே இருந்தது. டைல்ஸ் போட்டு முடித்ததும் கல்லில் படிந்த சிமெண்டைக் கழுவ வைத்திருப்பது. அவர் தண்ணீரில் கலந்து கொடுக்கும்போது கை தவறி, கலக்காத ஆசிட் கொஞ்சம் கீழே சிந்திவிட்டது. ஊரெல்லாம் தரை போட்டவர் வீட்டில் வெறும் சிமெண்ட் தரைதான், வாடகை வீடு. சிந்திய இடம் நுரைத்துப் பொங்கியது. அம்மா ஓடிவந்து தண்ணீர் ஊற்றித் துடைத்தாள். துடைத்த பிறகும் உள்ளங்கை அளவுக்குக் கறை அப்படியே நின்றது.

டைல்ஸ்காரர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“என்னப்பா?” என்றாள் வக்கீல்.

“ஆசிட் புழங்கற இடத்துல எப்படிம்மா கறை இல்லாம இருக்கும்?”

விரலால் கறையைத் தேய்த்துப் பார்த்தார்.

“முப்பது வருஷமா ஆசிட் ஊத்திக் கழுவறவன் நான். என் விரலைப் பாரு, நகம் எல்லாம் பொரிஞ்சு கெடக்கு. அந்தப் பழைய காலேஜ் தரை ஓட்டை ஓட்டையா இருந்துதே, அதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா? வேற எவனுக்குத் தெரியலன்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா? பளபளன்னு இருக்குன்னு செருப்பைக் கழட்டிட்டு நின்னேனே!”

“விடுங்க, இப்ப என்ன அதுக்கு” என்றாள் மனைவி.

“மாப்ளே, நானும் பார்த்தேன். பாட்டில் எல்லாம் சீல் உடைக்காம இருந்தது. அன்னைக்கு நீங்க கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்” என்றேன். சொல்லும்போது என் காது சுட்டது.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அவர் மனைவிதான், “அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே” என்றாள். கோபமாகக்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வக்கீல் ஏணியை நிமிர்த்தி வைத்து, ட்யூபில் காற்றுக் குமிழ் போக விரலால் சுண்டினாள். “சொட்டை எண்ணுங்க மாமா. நேரமாகுது” என்றாள்.

மிச்சமிருந்த நாளெல்லாம் வெளியே மழை கொட்டியது. நாங்கள் உள்ளே சொட்டு எண்ணினோம். ஒரு வாரத்தில் அவள் கை நிலைக்கு வந்துவிட்டது. நிறம் மாறுவதற்கு ஒரு சொட்டு முன்னால் மூச்சைப் பிடிப்பாள். விரல் தானாகச் சக்கரத்தைத் திருப்பும். “இவளையா எடுக்கமாட்டாங்க?” என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

தேர்வன்று அவளோடு அப்பாவும் நானும் போனோம். தொழிற்சாலை வாசலில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பெஞ்சு. அவளோடு சேர்த்து உள்ளே போனவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி பழைய காலேஜில் படித்தவள். ஒன்றரை மணி நேரம் ஆனது. டைல்ஸ்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. டீ வாங்கிவருகிறேன் என்று எழுந்து தெருமுனைக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் வக்கீல் வெளியே வந்தாள்.

“அப்பா எங்க?”

“டீ வாங்கப் போயிருக்கார். என்னம்மா ஆச்சு?”

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள்.

“நல்லாத்தான் செஞ்சேன் மாமா. கண்ணாடிக் குழாய் நம்ம ட்யூபை விட ஈஸியா இருந்துது. மூணு தடவை செய்யச் சொன்னாங்க. முதல் தடவை பதினொண்ணு புள்ளி எட்டு. அடுத்தது பன்னெண்டு புள்ளி மூணு. அப்புறம் பன்னெண்டு புள்ளி ஒண்ணு.”

“சரி.”

“மூணும் மூணு விதமா இருந்துது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துடுச்சு.” விரலிலிருந்து துப்பட்டாவை அவிழ்த்தாள். “பேப்பர்ல மூணுக்கும் பன்னெண்டு புள்ளி ஒண்ணுன்னு எழுதிட்டேன்.”

“அப்புறம்?” என்றேன்.

“லேப் மேடம் பக்கத்துலயே நின்னு பார்த்துக்கிட்டு இருந்தாங்க. பேப்பரை வாங்கிப் பார்த்துட்டு, ‘முதல்ல பதினொண்ணு எட்டுல நிறுத்தின, நான் பார்த்தேனே. ஏன் மாத்தி எழுதின?’ன்னு கேட்டாங்க. ‘கைப்பழக்கம் இல்லாம முன்னப்பின்ன வர்றது சகஜம்மா. அந்தப் பழைய காலேஜ் பொண்ணுக்கு உன்னை விட மோசமா வந்திருக்கு. அதை அப்படியே எழுதியிருக்கா. அவளுக்கு நாங்க கத்துக்குடுத்துடுவோம். இது மருந்து. மாத்தி எழுதறவங்களை உள்ள விட முடியாது’ன்னாங்க.”

“மாத்தி எழுதக் கூடாதுன்னு உனக்கு யாரும் சொல்லித் தரலையே. காலேஜ்ல இப்படித்தான்னு நீ சொல்லியிருக்கலாமே!”

“சொன்னேன் மாமா. ‘அப்படியா’ன்னு கேட்டுக்கிட்டு அடுத்த பேப்பரை எடுத்துட்டாங்க.” என்னைப் பார்த்தாள். “நான் ஏமாத்தணும்னு எழுதல. கை தானா எழுதிடுச்சு. மூணு வருஷமா அப்படித்தானே எழுதினேன்.”

அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இருங்க மாமா, இதோ வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு வாட்ச்மேனிடம் ஏதோ கேட்டாள். அவன் வேறொரு கட்டடத்தைக் கைகாட்டினான். உள்ளே போனாள்.

டைல்ஸ்காரர் இரண்டு கையிலும் மூன்று டீயை இடுக்கிக்கொண்டு, தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி வந்தார். மகள் உள்ளே போவதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார்.

“மறுபடி கூப்பிட்டுட்டாங்க போல இருக்கு மச்சான்! எடுத்துட்டாங்களா?” முகமெல்லாம் பல்.

இந்தத் தடவை நான் எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நின்றபடியே கேட்டார். டீ கையில் சுட்டதுகூடத் தெரியவில்லை.

“மூணும் ஒண்ணா இருந்தா தப்பா மச்சான்?” என்றார்.

“தப்புதான் மாப்ளே.”

“ஒரே அளவா இருந்தாத்தானே நல்ல வேலை?”

அவர் கையிலிருந்து டீயை வாங்கிப் பெஞ்சில் வைத்தேன். இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஒரு லாரி உள்ளே போய், சாமான் இறக்கிவிட்டு வெளியே வந்தது. அதற்கப்புறம்தான் அவள் வந்தாள். கையில் ஒரு வெள்ளைத் தொப்பி, முடியை மூடிக்கொள்கிற வகை.

“நாளையிலேர்ந்து வரச் சொல்லிட்டாங்கப்பா. பேக்கிங்ல. மாத்திரை அட்டையை எண்ணி டப்பாவுல போடணும்.”

டைல்ஸ்காரர் தொப்பியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“எழுத்துப் பரிட்சையில நீ முதலா வந்ததைச் சொன்னியாம்மா? டிகிரி படிச்ச பொண்ணு, கொஞ்ச நாள்ல மேல எடுத்துக்க மாட்டாங்களா?”

“அதெல்லாம் சொல்லலப்பா. டிகிரி படிச்சவங்களைப் பேக்கிங்ல எடுக்கமாட்டாங்களாம்.” பெஞ்சிலிருந்த டீயை எடுத்தாள். ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. “படிப்புன்னு இருந்த இடத்துல பத்தாம் வகுப்புன்னு எழுதிக் குடுத்துட்டேன்.”